ஜெயித்துக்கொண்டிருப்பவர் எதற்கு ரிஸ்க் எடுக்க வேண்டும்? ஹாலோவேயின் கடைசி 10 விநாடியும் உஸ்மானின் கடைசி 56 விநாடியும்

ஐந்தாம்சுற்று

நேற்று ராத்திரி இரண்டு பழைய சண்டைகளை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். அப்போதிருந்து மண்டைக்குள் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதலாவது, யுஎஃப்சி (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் எம்எம்ஏ சண்டைகளை நடத்தும் அமெரிக்க நிறுவனம்) 300-இல் மேக்ஸ் ஹாலோவே – ஜஸ்டின் கேத்ஜி. லாஸ் வேகாஸில் 2024 ஏப்ரல் 13 இரவு, நமக்கு மறுநாள் காலை, சித்திரை முதல் நாள். அன்றைக்கு நேரலையில் பார்த்தபோது அம்மா மாங்காய்ப் பச்சடிக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தார், நான் போட்ட சத்தத்தில் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். 145 பவுண்டு எடைக்காரரான ஹாலோவே 155-க்கு ஏறி வந்து, முதல் சுற்றின் முடிவில் சுழன்று விட்ட ஓர் உதையில் கேத்ஜியின் மூக்கை உடைத்து, ஐந்தாம் சுற்று வரைக்கும் தெளிவாக முன்னால் இருந்தார். மிச்சம் 10 விநாடி. வேலி ஓரமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் மணி அடித்துவிடும், வெற்றி அவர் கையில். ஆனால் அவர் கூண்டின் நடுவே தரையை விரலால் காட்டி, வா இங்கேயே நிற்போம் என்று கூப்பிட்டார். இருவரும் நின்ற இடத்திலேயே மாறி மாறி வீச, 4:59-இல், ஒரே ஒரு விநாடி பாக்கி இருக்கும்போது, வலது கை விழுந்து கேத்ஜி முகம் குப்புறச் சரிந்தார்.

இரண்டாவது, யுஎஃப்சி 278, 2022 ஆகஸ்ட், சால்ட் லேக் சிட்டி. கமாரு உஸ்மான் – லியான் எட்வர்ட்ஸ். முதல் சுற்று எட்வர்ட்ஸுக்கு, அடுத்த மூன்றும் உஸ்மானுக்கு. அந்த ஊர் கடல்மட்டத்துக்கு 1,300 மீட்டர் மேலே இருக்கிறது, எட்வர்ட்ஸுக்கு மூச்சு வாங்குகிறது, அவர் கோச் டேவ் லவல் இடைவேளையில் தொண்டை கிழியத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஐந்தாம் சுற்றில் 4:04. எட்வர்ட்ஸ் இடது கையை முகத்துக்கு நேரே காட்டுகிறார், உஸ்மான் தலையைச் சாய்க்கிறார், அதே பக்கத்திலிருந்து இடது கால் மேலே வருகிறது. முடிந்தது. இன்னும் 56 விநாடி தள்ளியிருந்தால் சாம்பியன் பெல்ட் உஸ்மானிடமே இருந்திருக்கும்.

முன்னிலையில் இருந்த ஒருவர் தேவையில்லாத ரிஸ்க் எடுத்து ஜெயித்தார், இன்னொருவர் ரிஸ்க் எடுக்காமல் தோற்றார். ஹாலோவே செய்ததை எல்லோரும் வீரம் என்று கொண்டாடுகிறோம். எனக்கு அது கணக்கு என்றுதான் படுகிறது. 24 நிமிஷம் 50 விநாடி அடித்துக் களைக்க வைத்த எதிராளி, உடைந்த மூக்கு, மிச்சம் பத்தே விநாடி. இதைவிட மலிவான விலைக்கு அந்த ரிஸ்க் அவருக்கு வேறு எப்போதும் கிடைத்திருக்காது.

கோவை_சவுத்பா

அண்ணா, மரியாதையோடு மறுக்கிறேன்.

கேத்ஜி மாதிரி ஒரு ஆளிடம் 10 விநாடி என்பது மலிவு கிடையாது. மூக்கு உடைந்தாலும் அந்த வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை, கடைசி விநாடி வரைக்கும் அது ஆளைச் சாய்க்கும் கை. எட்டு அங்குலம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் இதே இழையில் ஹாலோவேயை முட்டாள் என்று எழுதியிருப்போம். முடிவு தெரிந்த பிறகு கணக்கு போடுவது சுலபம்.

அப்புறம் உஸ்மான் சும்மா நின்றார் என்று நீங்கள் சொல்வதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். திரும்பப் பாருங்கள், அவர் முன்னால்தான் வந்துகொண்டிருந்தார். தோற்றதற்குக் காரணம், ஒவ்வொரு இடது கைக்கும் தலையை ஒரே பக்கம் சாய்க்கும் பழக்கம். அந்தப் பழக்கத்துக்குத்தான் எட்வர்ட்ஸ் காலைத் தயார் செய்தார். ஆக்ரோஷமாக ஆடியிருந்தாலும் அதே இடத்தில் அதே கால் வந்திருக்கும்.

ரிஸ்க் எடுத்துக் கெட்டதற்கு உதாரணம் வேண்டுமா? யுஎஃப்சி 270, 2022 ஜனவரி, ஆனஹைம். ஃபிரான்சிஸ் இங்கானு – சிரில் கான். முதல் இரண்டு சுற்று கானுக்கு, அடுத்த இரண்டு இங்கானுவுக்கு. ஐந்தாம் சுற்றில் கான் மேலே இருக்கிறார். ஆமாம், மேலே! அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டு குத்திக்கொண்டிருந்தால் ஹெவிவெயிட் பெல்ட். அவர் என்ன செய்தார், குதிகாலைப் பிடித்து முறுக்கப் போகிறேன் என்று பின்னால் சாய்ந்தார். பிடி நழுவியது, இங்கானு மேலே ஏறினார், மணி அடிக்கும் வரை இறங்கவில்லை. இரண்டு ஜட்ஜ்கள் இங்கானுவுக்கு 48-47 போட்டார்கள். அந்த ஒரு சாய்வுக்குப் போன பெல்ட் அது.

ஐந்தாம்சுற்று

கான் உதாரணம் சரியாகப் பிடித்தீர்கள், அதை நான் மறந்தே போனேன். ஆனால் தம்பி, அதே சண்டையில் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இங்கானுவுக்கு முழங்காலில் தசைநார் கிழிந்திருந்தது. ரோசன்ஸ்ட்ரைக்கை 20 விநாடியில் வீழ்த்திய மனிதர், ஒரே அடியில் முடிப்பவர் என்று உலகமே சொன்ன மனிதர், மூன்றாம் சுற்றிலிருந்து மல்யுத்தத்துக்கு மாறி, தூக்கிப் போட்டு, மேலே படுத்து, சுற்று சுற்றாகச் சேர்த்தார். யாரும் அவரை அதற்காகக் கோழை என்று சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை

இரண்டு பேரும் கூண்டுக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் வெளியே இழுக்கிறேன், சம்பளத்தைப் பார்ப்போம்.

யுஎஃப்சியில் புதிதாக வரும் ஃபைட்டருக்குப் பல வருஷமாக இருந்துவரும் வழக்கம் இதுதான்: சண்டைக்கு வந்து நின்றால் 10 அல்லது 12 ஆயிரம் டாலர், ஜெயித்தால் அதே அளவு இன்னொரு மடங்கு. அதாவது மூன்றாம் சுற்றில் 1-1 என்று நிற்கும் ஒருவருக்கு அந்த ஐந்து நிமிஷம் சம்பளத்தில் பாதி. கோச்சுக்கு, மேனேஜருக்கு, இரண்டு மாதப் பயிற்சி முகாமுக்கு, வரிக்குப் போக மிச்சம் நிற்பது அந்தப் பாதிதான். அவர் கவனமாக ஆடாமல் வேறு என்ன செய்வார்?

அதற்கு எதிர்ப்பக்கம் போனஸ். அந்த இரவின் சிறந்த சண்டை, சிறந்த ஆட்டம் என்று ரொம்ப வருஷம் 50,000 டாலர் கொடுத்தார்கள். யுஎஃப்சி 300-க்கு மட்டும் அதை 3 லட்சமாக ஏற்றினார்கள், ஹாலோவே இரண்டையும் வாங்கி 6 லட்சம் டாலரோடு வீட்டுக்குப் போனார். ஐந்தாம்சுற்று சொன்ன அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 விநாடிக்கு முன்னால் அந்தப் பணம் அவர் மனதில் இருந்ததா என்று அவருக்குத்தான் தெரியும், ஆனால் மேசைமேல் இருந்தது.

இதெல்லாம் போக, ஜான் ஃபிட்ச். யுஎஃப்சியில் 14 வெற்றி, 3 தோல்வி, 1 டிரா. தன் எடையில் முதல் பத்து பேரில் ஒருவர். 2013 பிப்ரவரியில் டெமியன் மாயாவிடம் தோற்றார், அதே மாதம் வெளியே அனுப்பிவிட்டார்கள். பெரும்பாலும் தரையில் அமுக்கி, ஜட்ஜ்களின் தீர்ப்பில் ஜெயித்தவர். இவரைவிட நிறைய தோற்றவர்கள், அடிதடிச் சண்டை போடுகிறார்கள் என்பதற்காகவே வருஷக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். ஜெயித்தால் போதும் என்று சொல்பவர்கள் ஃபிட்சிடம் போய்ச் சொல்லுங்கள். எனக்கு இது இன்றைக்கும் ஆறாத விஷயம்.

பழைய_ப்ரைட்_ரசிகன்

கணக்குப்பிள்ளை சொன்னதோடு சேர்த்து: விதி எப்படியோ ஆட்டம் அப்படி.

ஜப்பானில் ப்ரைட் என்ற எம்எம்ஏ போட்டி நடந்த காலத்தில் (1997-இல் ஆரம்பித்தது, 2007-இல் யுஎஃப்சி முதலாளிகள் வாங்கிவிட்டார்கள்) முதல் சுற்றே 10 நிமிஷம். சுற்று சுற்றாக மதிப்பெண் கிடையாது, முழுச் சண்டையையும் சேர்த்துத் தீர்ப்பு. சும்மா பிடித்துக்கொண்டு படுத்திருந்தால் நடுவர் மஞ்சள் அட்டை காட்டுவார், சம்பளத்தில் 10 சதவீதம் போகும். இப்போது சிங்கப்பூரின் ஒன் சாம்பியன்ஷிப்பிலும் முழுச் சண்டையைத்தான் பார்க்கிறார்கள், யார் யாரை முடிக்கக் கிட்டத்தில் போனார் என்பதுதான் முதலில். பிஎஃப்எல் என்ற இன்னொரு அமைப்பு 2024 வரை நடத்திய சீசன்களில் ஜெயித்தால் 3 புள்ளி, முதல் சுற்றிலேயே முடித்தால் இன்னும் 3 கொடுத்தார்கள். அங்கே எத்தனை பேர் முதல் மணியிலிருந்தே பாய்ந்தார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முந்தைய சண்டையில் புள்ளி எடுக்காதவருக்கு வேறு வழியே இருக்கவில்லை.

யுஎஃப்சியின் 10-9 முறையில் (சுற்றை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9) ஒரு சுற்றை மயிரிழையில் ஜெயித்தாலும் 10-9, நன்றாக ஜெயித்தாலும் 10-9. மூன்றில் இரண்டு எடுத்துவிட்டால் மூன்றாவதை ஓடியே கழிக்கலாம். ஓடுபவரைத் திட்டி என்ன பயன்?

இன்னொன்று, நம் ஆட்கள் பலர் முன்னால் நடந்து வருகிறவருக்கு மதிப்பெண் என்று நினைக்கிறார்கள். 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி முதலில் பார்ப்பது அடியும் பிடியும் என்ன பலன் தந்தன என்பதை மட்டும். அது முழுக்கச் சமமாக இருந்தால்தான் ஆக்ரோஷம், அதுவும் சமமானால்தான் கூண்டை யார் ஆண்டார் என்பது. வெறுமனே நடந்து வந்து முகத்தைக் கொடுத்தால் எதிராளிக்குத்தான் மதிப்பெண்.

மான்ட்ரியல்_பனி

வணக்கம். நான் இருபது வருஷமாக மான்ட்ரியலில் இருக்கிறேன், அதனால் இந்தக் கதையில் செயின்ட் பியரை விட்டுவிட்டு ஒருவரும் போக விடமாட்டேன்.

ஜார்ஜ் செயின்ட் பியர் ஆரம்பத்தில் எப்படிப்பட்ட ஆள் என்று இப்போது பார்க்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. வந்த ஆட்களை எல்லாம் அடித்து விழுத்தினவர். 2007 ஏப்ரலில் மாட் செர்ரா என்று ஒருவர், பெட்டிங்காரர் ஒருவரும் மதிக்காத ஆள், முதல் சுற்றிலேயே அவரை விழுத்திப் பெல்ட்டைக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு வந்தது வேறு ஜார்ஜ். 2009-இல் ஆல்வெஸில் தொடங்கி 2013-இல் ஹென்ட்ரிக்ஸ் வரைக்கும் ஏழு சண்டை, ஏழும் ஜட்ஜ்களின் தீர்ப்பு. இங்கே கோப்பிக்கடையில்கூட ஆட்கள் அவரைப் பற்றி அலுத்துக் கதைப்பார்கள்.

ஆனால் 2010 டிசம்பரில் பெல் சென்டரில் ஜோஷ் கோஸ்செக்கோடு நடந்த சண்டைக்கு நான் போயிருந்தேன். வெளியில் சரியான குளிர், உள்ளே இருபத்து மூவாயிரத்துக்கும் மேல் சனம். எனக்குக் கிடைத்தது மேலே கடைசி வரிசைகளில் ஒன்று, கூண்டு தீப்பெட்டி மாதிரித் தெரிந்தது, பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். முதல் சுற்றிலேயே ஜாப் (முன் கையால் நேராக விடும் குத்து) ஒன்று வலது கண்ணில் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு அதே இடத்தில் இன்னொன்று. மூன்றாம் சுற்றில் அந்தக் கண் முழுதாக மூடிவிட்டது, இமை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, கோஸ்செக் தலையைத் திருப்பி மற்றக் கண்ணால் தேடுகிறார், தேடுகிற பக்கத்திலிருந்தே அடுத்த ஜாப் வருகிறது. பின்னர்தான் கண்குழி எலும்பு உடைந்தது என்று தெரிந்தது. 25 நிமிஷம், ஐந்து சுற்றும் ஜார்ஜுக்கு.

இதைக் கவனமான ஆட்டம் என்கிறார்கள். ஒரு மனிதனின் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுவதற்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் தனக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். எதிராளிக்கு அதில் ஒரு பாதுகாப்பும் இல்லை.

கோவை_சவுத்பா

மான்ட்ரியல் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு அந்தச் சண்டையைத் தேடிப் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கவனம் என்ற பெயரில் நடக்கும் வேறொன்று இருக்கிறது, அதையும் பேச வேண்டும். யுஎஃப்சி 226, 2018 ஜூலை, இங்கானு – டெரிக் லூயிஸ். பூமியிலேயே பலமாக அடிக்கும் இரண்டு பேர், 15 நிமிஷம், இருவரும் சேர்த்துக் கணக்கில் வந்த முக்கிய அடிகள் 31. இங்கானுவின் பங்கு 11. ஆறு மாதத்துக்கு முன் பாஸ்டனில் ஸ்டிபே மியோசிச்சிடம் முதல் சுற்றிலேயே எல்லாச் சக்தியையும் கொட்டி, மிச்சம் நான்கு சுற்றும் நடக்கவே முடியாமல் தோற்றிருந்தார். அந்தப் பயத்தை இந்தச் சண்டைக்குள்ளும் சுமந்துவந்தேன் என்று பிறகு அவரே எழுதினார். செயின்ட் பியர் ஒரு தோல்விக்குப் பிறகு ஜாப்பைக் கூர்மையாக்கினார். இங்கானு கைகளைக் கட்டிக்கொண்டார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் கவனம் என்றுதான் பெயர் வைப்போம்.

2020 மார்ச், யுஎஃப்சி 248, அடேசன்யா – ரொமேரோ அதே ரகம். ரொமேரோ முதல் சுற்றின் ஆரம்பத்தில் கையை உயர்த்திக்கொண்டு சிலை மாதிரி நின்றார், அடேசன்யா கிட்டே போகவில்லை, கூட்டம் கூச்சல் போட்டது. நான் காசு கொடுத்துப் பார்த்தவன், எனக்கும் கோபம்தான்.

ஐந்தாம்சுற்று

அடேசன்யாவை இங்கானு – லூயிஸோடு சேர்க்க முடியாது. ரொமேரோ ஒலிம்பிக் வெள்ளி வாங்கிய மல்யுத்த வீரர், எதிராளி உள்ளே வரும்வரை பொறுத்திருந்து ஒரே பாய்ச்சலில் முடிப்பவர். உள்ளே போயிருந்தால் அது ரொமேரோவின் சண்டையாகியிருக்கும். போகாததால் கால் உதைகளாகச் சேர்த்து 48-47, 48-47, 49-46. பார்க்க நன்றாக இல்லை என்பதை ஏற்கிறேன், தப்பான முடிவு என்பதை ஏற்கமாட்டேன்.

அதே இரவில் அதற்கு முந்தைய சண்டையையும் நினைத்துப் பாருங்கள். ஜாங் வெய்லி – யோஆனா யென்ஜெய்ச்சிக். ஐந்து சுற்று, இருவரும் ஓர் அடி பின்வாங்கவில்லை, ஜட்ஜ்களே 2-1 என்று பிரிந்தார்கள். பெண்கள் சண்டைகளில் இதுவரை இதைவிடச் சிறந்தது இல்லை என்று பலர் சொல்கிறார்கள், நானும் அதைத்தான் சொல்வேன். முடிவில் யோஆனாவின் நெற்றி முழுவதும் வீங்கி முகமே வேறு ஆளுடையதாக இருந்தது. நாம் கை தட்டினோம். ஒரே இரவில் ஒன்றுக்குக் கூச்சல், இன்னொன்றுக்குக் கைதட்டல். கூச்சல் போட்டவர்கள் அந்த நெற்றியைச் சுமக்கப் போவதில்லை.

அடையாறு_ஆர்த்தடாக்ஸ்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது.

நான் தொழில்முறை ஆள் இல்லை. நான்கு வருஷம் ஒரு ஜிம்மில் கிக்பாக்ஸிங்கும் கிராப்பிளிங்கும் (பிடித்து மடக்கும் சண்டை) கற்றேன், பெயர் வேண்டாம். அங்கே சனிக்கிழமை என்றால் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. முன்னால் போ, பின்னால் வராதே, இதுதான் மந்திரம். பின்னால் நகர்ந்தால் அடுத்த சுற்று பெரிய ஆளோடு விடுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை, பாய்ந்து அடிப்பவன் என்று பெயர் வாங்குவதில் ஒரு போதை இருந்தது.

ஒரு சனிக்கிழமை, தலையில் இரண்டு மூன்று நன்றாக வாங்கினேன். விழவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். பத்து வருஷமாகத் திரும்பும் தெரு, முனையில் இஸ்திரிப் பெட்டி வண்டி நிற்கும், அதற்கு அடுத்த இடது. அந்த வண்டியைப் பார்த்தேன், தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன். அடுத்த சிக்னலில் நின்றபோதுதான் எங்கே போகிறோம் என்று கேட்டுக்கொண்டேன், பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கோச்சிடம் சொன்னேன், அடுத்த வாரம் பழகிவிடும் என்றார். பழகக் கூடாதது அது என்று சொல்லும் தைரியம் எனக்கு அன்றைக்கு இல்லை.

நீங்கள் எல்லோரும் சண்டை இரவின் 15 நிமிஷத்தையும் 25 நிமிஷத்தையும் பேசுகிறீர்கள். அடி விழுவதில் பெரும்பங்கு கேமரா இல்லாத சனிக்கிழமைகளில்தான்.

மான்ட்ரியல்_பனி

தம்பி, வாசித்ததும் மனசு கனத்தது. டாக்டரிடம் காட்டினீர்களா? காட்டவில்லை என்றால் இப்போதும் போய்க் காட்டுங்கள், நரம்பியல் டாக்டரிடம்.

நீங்கள் சொன்னது முக்கியமான விஷயம். இங்கே ட்ரைஸ்டார் ஜிம்மில் ஜார்ஜின் கோச் ஃபிராஸ் ஸஹாபி கன காலமாக இதைத்தான் சொல்லி வருகிறார்: நாளைக்கும் வந்து பயிற்சி செய்யக்கூடிய நிலையில் இன்றைய பயிற்சியை முடி, அடித்துப் பிழிந்து எடுக்காதே என்று. ஆரம்பத்தில் ஆட்கள் அதைச் சோம்பேறித்தனம் என்றார்கள்.

ஹாலோவேயிடம் திரும்பி வருகிறேன். 2020-இல் கொரோனா நேரம், கோச்சோடு கணினித் திரையில் கதைத்துப் பயிற்சி செய்தார், சண்டைக்கு முன் ஸ்பாரிங்கே செய்யவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2021 ஜனவரியில் அபுதாபியில் கெல்வின் கேட்டரை அடித்த முக்கிய அடிகள் 445, யுஎஃப்சியில் ஒரே சண்டையில் அதற்கு முன் ஒருவரும் அவ்வளவு அடித்ததில்லை. கடைசிச் சுற்றில் வர்ணனையாளர்களின் பக்கம் முகத்தைத் திருப்பி யுஎஃப்சியின் சிறந்த பாக்ஸர் நான்தான் என்று கத்திக்கொண்டே வருகிற அடிக்குத் தலையை விலக்கினார். கூண்டுக்குள் அப்படி ஆடக்கூடியவர் ஜிம்மில் ஒரு சிராய்ப்பும் இல்லாமல் இருந்திருக்கிறார். அவரை எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்?

அடையாறு_ஆர்த்தடாக்ஸ்

காட்டினேன் அண்ணே, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஜிம்மை மாற்றிவிட்டேன். இப்போது இருக்கும் இடத்தில் தலைக்கு ஸ்பாரிங் மாதம் ஒரு முறை, அதுவும் தொட்டுவிட்டு வருவதுதான். 445 விஷயம் தெரியும், ஸ்பாரிங் இல்லாமல் என்பது தெரியாது. நன்றி.

சென்டூல்_பையன்

கோலாலம்பூரிலிருந்து. அகிலன் தாணி பெயரை யாரும் சொல்லவில்லையே? எங்கள் சென்டூல் ஆள், தமிழர். 2017 மே மாதம், சிங்கப்பூரில், ஒன் சாம்பியன்ஷிப்பின் வெல்டர்வெயிட் பெல்ட்டுக்காக பென் ஆஸ்க்ரனோடு மோதினார். அகிலனுக்கு அப்போது 21 வயது. தைரியமாகத்தான் போனார், முதல் சுற்றிலேயே ஆஸ்க்ரன் தரைக்கு இழுத்துக் கழுத்தையும் கையையும் சேர்த்து நெரித்து முடித்தார். வலித்தது, ஆனால் அந்த மேடை வரை எங்கள் தெருவிலிருந்து ஒருவர் போனதே எங்களுக்குப் பெரிது.

அந்த ஆஸ்க்ரனைத்தான் 2013-இல் யுஎஃப்சி எடுக்கவில்லை. பெல்லேட்டர் என்ற இன்னொரு அமைப்பின் தோல்வியே இல்லாத சாம்பியன், ஆட்டம் சலிப்பு என்று எல்லோரும் பேசினார்கள். கடைசியில் 2019-இல் உள்ளே வந்தார். ஜூலையில் ஹோர்ஹே மாஸ்விடால் முதல் மணிக்கு ஓடி வந்து பறந்து முழங்காலால் அடித்தார், 5 விநாடி. ஆஸ்க்ரன் எப்போதும் போலக் குனிந்து காலைப் பிடிக்க வந்தார், முழங்கால் அங்கேதான் காத்திருந்தது. மாஸ்விடாலின் அந்த ஓட்டம் வெறி கிடையாது, அதை ஜிம்மில் திரும்பத் திரும்பப் பழகிய வீடியோவே இருக்கிறது.

ஐந்தாம்சுற்று

சென்டூல் பையன் சொன்ன அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த இழையே ஆரம்பித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கேத்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் எடி ஆல்வரெஸிடமும் 2018 ஏப்ரலில் டஸ்டின் பொரியேவிடமும் தோற்ற கேத்ஜி, முகத்தைக் கொடுத்துக்கொண்டே முன்னால் நடப்பவர். இரண்டும் அற்புதமான சண்டைகள், இரண்டிலும் அவர் முடிக்கப்பட்டார். அடுத்த மூன்று பேரை முதல் சுற்றிலேயே முடித்தார், ஆனால் உண்மையான மாற்றம் தெரிந்தது 2020 மே 9, ஜாக்சன்வில்லில் டோனி ஃபெர்குசனோடு. ஆளில்லாத அரங்கு, ஒவ்வோர் அடியின் சத்தமும், கோச் ட்ரெவர் விட்மன் பேசுவதும் காதில் விழும். ஃபெர்குசன் தொடர்ந்து 12 சண்டை ஜெயித்து வந்தவர், குழப்பத்தில் வாழ்பவர், எதிராளியைப் பதற வைத்து ஜெயிப்பவர். பழைய கேத்ஜியாக இருந்தால் அந்தக் குழப்பத்துக்குள் குதித்திருப்பார். இந்த கேத்ஜி ஒரு கொக்கி வீசுவார், ஓர் அடி பின்னால் வைப்பார், நின்று பார்ப்பார். இரண்டாம் சுற்றின் கடைசியில் கீழிருந்து வந்த குத்தில் விழுந்தார், எழுந்து, இடைவேளை எடுத்து, மூன்றாம் சுற்றில் மறுபடியும் அதே பொறுமை. ஐந்தாம் சுற்று 3:39-இல் நடுவர் ஹெர்ப் டீன் நிறுத்தியபோது ஃபெர்குசன் நின்றபடியே தலையை உதறிக்கொண்டு தள்ளாடிப் பின்னால் போனார்.

அடித்த வேகம் குறையவே இல்லை, ஒவ்வோர் அடியும் கொல்லும் அடிதான். எப்போது அடிப்பது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டார். இதனால்தான் கவனமா ஆக்ரோஷமா என்று ஒருவரை ஒரு பெட்டிக்குள் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஃபைட்டர் எந்த ரிஸ்க்கை எப்போது வாங்குகிறார் என்று கேட்டால், கானும் ஹாலோவேயும் ஏன் வேறு வேறு முடிவுக்குப் போனார்கள் என்று பேசலாம். கான் சமநிலையில் இருந்த சுற்றில், மேலே இருந்த இடத்தையே பணயம் வைத்தார், தோற்றால் திரும்ப எழ நேரமும் இல்லை. ஹாலோவே தெளிவாக முன்னால் போன பிறகு, கேத்ஜியின் கை கனத்த பிறகு பணயம் வைத்தார்.

கோவை_சவுத்பா

இந்த வாதம் முதலில் சொன்னதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் இன்னும் ஒரு இடத்தில் எனக்கு ஒட்டவில்லை.

2015 ஜூலை, யுஎஃப்சி 189, ராபி லாலர் – ரோரி மக்டொனால்ட். மக்டொனால்ட் மான்ட்ரியல் அண்ணன் சொன்ன அதே ட்ரைஸ்டார், அதே ஸஹாபி, ஜாப், பொறுமை, எல்லாம் அதே பள்ளி. மூன்றாம் சுற்றின் கடைசியில் தலைக்கு விட்ட உதையில் லாலர் தள்ளாடினார், இன்னும் அரை நிமிஷம் இருந்திருந்தால் முடிந்திருக்கும். நான்காம் சுற்று மணி அடித்த பிறகும் இருவரும் மூலைக்குப் போகாமல் நின்று முறைத்துக்கொள்கிறார்கள், லாலரின் மேலுதடு இரண்டாகப் பிளந்து தொங்குகிறது, மக்டொனால்டின் மூக்கு நொறுங்கிவிட்டது. கணக்கில் மக்டொனால்ட்தான் முன்னால். ஐந்தாம் சுற்றில் சரியாக ஒரு நிமிஷம், லாலரின் இடது கை நேராக அந்த மூக்கில். மக்டொனால்ட் முகத்தைப் பொத்திக்கொண்டு சரிந்தார்.

அவர் எந்த ரிஸ்க்கைத் தப்பாக வாங்கினார் சொல்லுங்கள். எல்லாம் சரியாகச் செய்தார். சில இரவில் எதிரே நிற்பவன் விலையை ஏற்றிக்கொண்டே போகிறான், அவ்வளவுதான்.

மான்ட்ரியல்_பனி

ரோரி விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. அந்தச் சண்டைக்குப் பிறகு நான் பார்த்த ரோரி பழைய ரோரி இல்லை, அது மட்டும் தெரியும். 2022-இல் ஓய்வு பெற்றார்.

கணக்குப்பிள்ளை

கோவை, மூக்கு உடைந்த பிறகு நான்காம் சுற்று இடைவேளையில் கார்னர், அதாவது மூலையில் நிற்கும் அவர் கோச்கள், சண்டையை நிறுத்தியிருக்கலாமே? அதுவும் ஒரு உத்திதான். 2009 ஜனவரியில் பிஜே பென்னின் கார்னர் நான்காம் சுற்று முடிந்ததும் போதும் என்றது, எதிரே செயின்ட் பியர்.

கோவை_சவுத்பா

பென் அன்று எல்லாச் சுற்றும் தோற்றுக்கொண்டிருந்தார். ரோரி பெல்ட்டிலிருந்து ஐந்து நிமிஷத் தூரத்தில், முன்னிலையில் இருந்தார். நீங்கள் அந்த மூலையில் உட்கார்ந்திருந்தால் துண்டை எறிந்திருப்பீர்களா?

கணக்குப்பிள்ளை

எறிந்திருக்க மாட்டேன். அதை நினைத்தால்தான் எனக்கே பயமாக இருக்கிறது.

ஐந்தாம்சுற்று

ரோரி சண்டையை இந்த ஞாயிறு முழுசாகப் பார்த்துவிட்டு, அந்த நான்காம் சுற்று இடைவேளையைப் பற்றி மட்டும் தனியாக எழுதுகிறேன். மான்ட்ரியல் அண்ணே, அந்தச் சமயத்தில் உங்கள் ஊர்க்காரர்கள் என்ன பேசினார்கள் என்று நினைவிருந்தால் எழுதி வையுங்கள். அடையாறு, நீங்களும் வாருங்கள், ஆனால் தலைவலி வந்த சனிக்கிழமை என்றால் திரையைப் பார்க்காமல் தூங்குங்கள்.